வலிக்காத கடி: கிளிஞ்சல்மேட்டில் ஒரு சனிக்கிழமை

காரைக்கால் போகிறேன் என்றதும் நண்பர்கள் கேட்டது ஒரே கேள்வி: சனீஸ்வரனுக்கா, சரக்குக்கா? இரண்டுக்கும் இல்லை. சென்னையில் பாம்பு விஷத்தை ஆராயும் என் அக்கா போனாள். பெட்டி தூக்க நான். இது நடந்தது போன மாசியில். நம் ஆஸ்பத்திரிகளில் இருக்கும் விஷமுறிவு மருந்து தரைப்பாம்புகளுக்கானது, கடல்பாம்புக்குக் கேட்காது. அதற்கு ஒரு மருந்து வரவேண்டுமானால் முதலில் அந்த விஷம் வேண்டும்.

கும்பகோணத்தில் காலை ஆறு மணி பஸ். ஏறத்தாழ ஐம்பத்தைந்து கிலோமீட்டர், இரண்டு மணி நேரம். சனிக்கிழமை கூட்டம் திருநள்ளாற்றில் இறங்கும்வரை நின்றேதான் வந்தோம். காரைக்காலிலிருந்து மீனவர் ஊரான கிளிஞ்சல்மேட்டுக்கு ஆட்டோ நூற்றைம்பது ரூபாய். "பாம்புக்கா? நல்ல ஆளுங்கதான் போங்க" என்று சிரித்த ஓட்டுநர், கூலியில் மட்டும் பத்து ரூபாய்கூடக் குறைக்கவில்லை.

பாம்பு தருவதாகச் சொல்லியிருந்தவர் செல்வமணி, ஃபைபர் படகுக்காரர். வலையில் சிக்கியிருந்த பாம்பை வெறுங்கையால் எடுத்துத் தொட்டியில் போட்டார். எனக்குக் கோபமே வந்துவிட்டது. கம்பு எதற்கு இருக்கிறது என்று கேட்டேன்.

"எல்லாரும் கையாலதாங்க எடுத்துக் கடல்ல வீசுவோம். எந்தம்பியும் அப்படித்தான் வீசினான்."

நாங்கள் போனதற்கு நான்கு மாதம் முன், ஐப்பசியில், வீசும்போது பாம்பு கடித்திருக்கிறது. கெளுத்தி முள் குத்தினால் உயிர் போகிற வலி இருக்கும். இந்தக் கடி வலிக்கவே இல்லை. அதனால் தம்பி தொடர்ந்து வலை இழுத்திருக்கிறான். கரையேறியதும் உடம்பெல்லாம் வலி என்றிருக்கிறான். "வலை இழுத்த அலுப்புடா, படுத்துத் தூங்குன்னு நாந்தாங்க சொன்னேன்" என்றார் செல்வமணி. தூங்கி எழுந்தபோது இமையைத் தூக்க முடியவில்லை, சிறுநீர் கறுத்துப் போனது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் மூச்சு நின்றுவிட்டது. தூங்கச் சொன்னவர் முகத்தில் தம்பி மனைவி கலா அதன்பிறகு விழிக்கவில்லை.

"சீக்கிரம் கொண்டுபோயிருந்தா பொழைச்சிருப்பானாம்மா?" என்று அக்காவிடம் கேட்டார்.

அக்காவுக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது. "இதுக்கு நம்ம நாட்டுல மருந்து இல்லைங்க. ஆனா நேரத்தோட போயிருந்தா, மூச்சுக்கு மெஷின் வச்சு, டயாலிசிஸ் பண்ணிக் காப்பாத்தியிருக்கலாம்."

அவர் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். "கலாகிட்ட முதல் பாதிய மட்டும் சொல்லுங்கம்மா. நான் குடுக்குற அரிசியத் திருப்பி அனுப்பிடுது. ரெண்டு புள்ளைங்க அரைவயிறா கெடக்குது."

நான்கு வீடு தள்ளித்தான் கலா வீடு. செல்வமணி தெருவிலேயே நின்றுகொண்டார். அக்கா யாரென்று சொன்னதும் கலா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: "மருந்தே இல்லையாக்கா?"

"இல்லம்மா" என்றாள் அக்கா. அதோடு நிறுத்திக்கொண்டாள். கலா வெகுநேரம் அழுதாள். பிறகு, "மாமாவ உள்ள வரச் சொல்லுங்க" என்றாள்.

திரும்பும் பஸ்ஸில் அக்கா பெட்டியை என்னிடம் தரவில்லை, தன் மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

அந்தக் கரைக்குப் போகிறவர்களுக்கு: பெயர்களை மாற்றியிருக்கிறேன், தேடாதீர்கள். வலை உதறும் இடத்தில் வெறுங்காலோடு நடக்காதீர்கள். பாம்பு செத்துக் கிடந்தாலும் தொடாதீர்கள். கடித்தால், வலிக்கவில்லையே என்று உட்காராதீர்கள். கைகாலை அதிகம் அசைக்காமல், வென்டிலேட்டரும் டயாலிசிஸும் உள்ள ஆஸ்பத்திரிக்கு உடனே போங்கள். நேரத்தோடு போனால் பிழைக்கலாம்.

கலாவிடம் அக்கா சொல்லாமல் விட்ட பாதி இதுதான்.