ஆறு அங்குல வீம்பு

நான் செய்த முட்டாள்தனங்களில் பெரும்பாலானவை வெளியே தெரியாமல் போய்விட்டன. ஒன்று மட்டும் வழக்கத்தைவிட ஆறு அங்குலம் எம்பி நின்றுகொண்டு, ஒலக்கூரிலிருந்து திண்டிவனம் வரை எந்தத் தெருவில் போனாலும் எல்லார் கண்ணிலும் பட்டது.

அப்போது என்னிடம் ஒரு பிக்கப் இருந்தது. ஏதோ ஒரு அரசாங்க இலாகா ஏலத்தில் விட்டதை எடுத்திருந்தேன். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி எங்கள் ஊர்ப்பக்கம் வேறு யாரிடமும் இல்லை. அந்த ஒரு காரணத்துக்காகத்தான் அதை வாங்கினேன் என்பதைக் கண்டுபிடிக்க என் மனைவிக்கு ஒரு வாரம்கூட ஆகவில்லை. "நாலு சக்கரமும் இழுக்குதாம். சீட்டுல கீற கிழிசல யாரு இழுத்துத் தெக்கிறது?" என்றாள். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சவுக்குக் கட்டை, மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலை மூட்டை, கல்யாணத்துக்கு நாற்காலி என்று லோடு அடித்துக்கொண்டிருந்தேன்.

பக்கத்து ஊரில் வாழ்க்கைப்பட்டிருந்த என் அக்காவுக்கு இரண்டு ஏக்கர் கொல்லை. அக்கா கணவர் மஸ்கட்டில் இருந்ததால் விதைப்பு முதல் விற்பனை வரை எல்லாம் அவள்தான். வருடம் தவறாமல் மல்லாட்டை போடுவாள். அந்த வருடம் தர்பூசணி போட ஆசைப்பட்டாள். ஆனால் கொல்லைக்கும் தார் ரோட்டுக்கும் நடுவே ஓர் ஓடை குறுக்கிட்டது. கோடையில் காய்ந்துதான் கிடக்கும். இறங்குவதில் சிரமம் இல்லை. ஏறுகிற இடத்தில்தான் மாட்டுத் திமில்போல ஒரு மேடு. எந்த வண்டி ஏறினாலும் முன்சக்கரம் அந்தப் பக்கம், பின்சக்கரம் இந்தப் பக்கம் என்று நிற்க, வயிறு மேட்டின்மேல் உட்கார்ந்துவிடும். டிராக்டர் ஏறும். ஆனால் டிராக்டர் பெட்டியில் குலுங்கி வந்த காயைத் தொடவே மாட்டேன் என்று வியாபாரி முன்கூட்டியே சொல்லிவிட்டார்.

"உன் வண்டி வருமா வராதா, இப்பவே சொல்லிடுடா. வராதுன்னா நான் மல்லாட்டையே போட்டுக்கினு போறேன். மூட்டைன்னா தலையில தூக்கிக்கலாம். இந்தக் காய யாரு தூக்குவா?"

"வரும்க்கா. நான் வர வெக்கிறேன். நீ வெதையப் போடு."

போட்டாள். இரண்டு ஏக்கரும் என் வாயை நம்பி.

மேட்டை வெட்டிவிட்டால் தீர்ந்ததே என்று நீங்கள் கேட்கலாம். அக்காவும் அதைத்தான் கேட்டாள். அந்த மேடு அக்கா கணவரின் பங்காளியுடையது. ஓடைத் தண்ணீர் தன் நிலத்தில் ஏறாமலிருக்க அவருடைய அப்பா போட்ட வரப்பின் வால் அது. அதன்மேல் வண்டி ஓட்ட யாரையும் கேட்க வேண்டாம். வெட்டுவதென்றால் அவரை ஒரு வார்த்தை கேட்க வேண்டும். அவரோடு எனக்குப் பேச்சு வார்த்தை கிடையாது.

அது நின்றுபோனதும் இதே வண்டியால்தான். அக்கா ஊர் மாதா கோயில் திருவிழாவில் சொரூபம் வைத்த சப்பரத்தை என் பிக்கப்பில் ஏற்றவேண்டும் என்று அடம்பிடித்து வாங்கியிருந்தேன். நடுத்தெருவில் வண்டி நின்றுவிட்டது. பேண்டு வாத்தியக்காரர்கள் ஒரே பாட்டை மூன்று தடவை வாசித்தார்கள். வண்டி அசையவில்லை. கூட்டத்திலிருந்து பங்காளி முன்னால் வந்தார். "நாலு சக்கரமும் இழுக்கும்னாங்களே. சரி, நாலு ஆளு வாங்கப்பா, நாம இழுத்துக்கலாம்" என்றார். தெருவே சிரித்தது. பங்குச் சாமியார்கூட வாயைத் துடைத்துக்கொள்வதுபோல் கைக்குட்டையை எடுத்தார். அன்றோடு சரி. "அந்தாளு வாசல்ல போயி நின்னீன்னா, அப்பறம் என்னத் தம்பின்னு கூப்புடாத" என்று அக்காவிடம் கண்டிப்பாகச் சொல்லிவைத்தேன். ஆகவே மேடு இறங்காது. வண்டிதான் ஏற வேண்டும்.

வண்டியை உயர்த்த எனக்கு யோசனை சொன்னவர்கள் இரண்டு பேர். ஒருவன் என் மனைவியின் தம்பி. விழுப்புரத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வேலை. வெளிநாட்டு வண்டிகளின் படங்களை அச்செடுப்பதுதான் அங்கே அவனுடைய பிரதான வேலை என்று நினைக்கிறேன். கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து என் முன்னால் பரப்பினான். மணல்மேட்டின்மேல் ஒன்று, பாறையின்மேல் ஒன்று என்று எல்லாம் ராட்சச வண்டிகள்.

"ஆறு அங்குலம் தூக்கிட்டீங்கன்னா, மாமா, நீங்க எங்க வேணா போலாம்" என்றான்.

மற்றவர் திண்டிவனத்தில் பட்டைக் கடை வைத்திருந்த பாய். வண்டிக்கும் அச்சுக்கும் நடுவே அடுக்கடுக்காக வளைந்து கிடக்கும் ஸ்பிரிங் பட்டைகளைக் கட்டுவதுதான் அவர் தொழில். வண்டிக்குக் கீழே ஒரு தரம் குனிந்து பார்த்துவிட்டு எழுந்தார்.

"மோடு எவ்ளோ இருக்கும்? ஒரு சாணா? ரெண்டு அங்குலம் போதும் தம்பி. இது நல்ல பட்டை. இத அப்பிடியே வெச்சிக்கினு, ஒரு பட்டை சேத்து, பட்டை தொங்குற ஷேக்கிள நீளமா மாத்தித் தர்றேன். அரை நாளு வேல. மோட்டுல நேரா ஏத்தாத, கொஞ்சம் சாய்ச்சி ஏத்து. போயிடும்."

இரண்டு அங்குலம். அது யார் கண்ணுக்குத் தெரியும்? குறிப்பாக, அந்தப் பங்காளி கண்ணுக்குத் தெரியுமா? மனைவியின் தம்பி கொடுத்த படம் ஒன்றைப் பாயிடம் நீட்டி, "எனக்கு ஆறு வேணும் பாய்" என்றேன்.

பாய் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்தைப் பார்த்தார். "இதுல பின்னால லோடே இல்லியே. நீ இன்னா ஏத்தப் போற?"

"தர்பூசணி."

"ஆறு அங்குலம்னா லாரிப் பட்டதான் வெக்கணும். அஞ்சு டன்னு ஏறினாத்தான் அது வளைஞ்சி குடுக்கும். உன் வண்டி தாங்குறதே ஒரு டன்னு சொச்சம். பட்டை வளையலன்னா காய்தான் வளையணும். தர்பூசணி வளையுமா?"

வளையாது என்று எனக்கும் தெரியும். ஆனால் மனதுக்குள் நான் அப்போது அந்த மேட்டை அல்ல, அந்தத் தெருவைத் தாண்டிக்கொண்டிருந்தேன். ஆறுதான் என்று நின்றேன். லாரிப் பட்டை, அச்சின்மேல் வைக்க இரும்புக் கட்டை, நீளமான யு போல்ட் என்று ஒவ்வொன்றாக ஏறியது. ஷாக் அப்சர்பரில் பாய் இரண்டு தினுசு காட்டினார். கறுப்பு மிருதுவானது, சிவப்பு விறைப்பானது. சிவப்பை எடுத்தேன். வண்டி உயர்ந்தால் அது வெளியே தெரியும், எடுப்பாக இருக்கும் என்பதைத் தவிர வேறு காரணம் கிடையாது. புடவைக்குப் பார்ப்பதுபோல் ஷாக் அப்சர்பருக்கு நிறம் பார்த்தவன் திண்டிவனத்திலேயே நான் ஒருவன்தான் இருப்பேன். கழற்றிய பழைய பட்டைகளைப் பாய் கம்பியால் கட்டிக் கொடுத்தார்.

"பத்திரமா வெய்யி. வேண்டியிருக்கும்" என்றார். வியாபாரப் பேச்சு என்று நினைத்துக்கொண்டேன்.

வண்டியை மந்திரிக்கக் கோயிலுக்கு ஓட்டிப்போனேன். பங்குச் சாமியார் குட்டையானவர். தீர்த்தம் தெளித்தார், பம்பரில் பட்டது. எம்பித் தெளித்தார், விளக்கில் பட்டது. கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளை உள்ளே போய் ஒரு ஸ்டூலைத் தூக்கிவந்து போட்டார். சாமியார் அதன்மேல் ஏறி நின்று ஜெபத்தை முடித்தார். ஜெபத்தை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை. ஸ்டூலை எல்லாரும் வைத்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு எந்த டீக்கடையில் நிறுத்தினாலும், "ஸ்டூலு போடட்டுங்களா?" என்று ஒருவர் கேட்பார். என் அம்மா ஒருமுறை காலைத் தூக்கிப் பார்த்துவிட்டு, அதன்பின் சந்தைக்கு பஸ்ஸிலேயே போய்வந்தாள். எனக்கு எதுவும் உறைக்கவில்லை. மேலே உட்கார்ந்து பார்த்தால் மதிலுக்குப் பின்னால் காயும் துணிகளெல்லாம் தெரிந்தன. அதுவே பெரிய பதவிபோல் இருந்தது.

பழைய பட்டைகள் வீட்டுக்குப் பின்னால் கிடந்தன. அரிவாள் அடிக்க ஸ்பிரிங் பட்டையைவிட நல்ல இரும்பு இல்லை என்பது எங்கள் பக்கத்தில் குழந்தைக்குக்கூடத் தெரியும். ஒருவர் வந்து கேட்டார், கொடுத்தேன். அவரைப் பார்த்து இன்னொருவர் வந்தார், கொடுத்தேன். அக்காவுக்கும் அவள் கொல்லையில் வேலை செய்யும் பெண்களுக்கும் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். கொடுக்கக் கொடுக்க வள்ளல்போல ஒரு மிதப்பு வந்துவிட்டது. எல்லாம் கொல்லர் உலைக்குப் போயின. கொல்லர் தன் கூலியாக ஒன்றிரண்டை எடுத்துக்கொண்டார். பங்காளிக்கு மட்டும் நான் கொடுக்கவில்லை. அவர் கேட்கவும் இல்லை.

காய் முற்றியது. வியாழக்கிழமை லாரி தார் ரோட்டில் வந்து நிற்கும், அதற்குள் காயை அங்கே சேர்த்துவிட வேண்டும், தவறினால் அடுத்த ஊருக்குப் போய்விடுவேன் என்று வியாபாரி சொல்லியிருந்தார். திங்கட்கிழமை முதல் லோடுக்குப் போனேன். ஓடையில் இறங்கி மேட்டில் ஏறினேன். வயிறு தட்டவில்லை. காலி வண்டி என்னைக் கூரையில் ஒருமுறை மோதவைத்தது, அவ்வளவுதான். பங்காளியின் நிலத்தைப் பார்த்து ஹாரன் அடித்தேன். அவர் அங்கே இல்லை. இருந்தாலும் இன்னொரு தடவை அடித்தேன்.

வைக்கோல் பரப்பி, காயை அடுக்கி, நிறைமாதக்காரியை அழைத்துவருவதுபோல் ஓட்டிவந்தேன். ரோட்டில் நிறுத்திப் பின்கதவைத் திறந்தபோது காய்க்கு முன்னால் தண்ணீர் வந்தது. ஷாக் அப்சர்பரின் அதே சிவப்பு. மூன்றில் ஒரு பங்கு வெடித்துக் கிடந்தது. அக்கா வைக்கோலை விலக்கினாள். வெடித்ததை மாட்டுக்கென்று தனியாக எடுத்துவைக்க ஆரம்பித்தாள். அவள் திட்டியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பேன். திட்டாததால் வெட்கம் பிடுங்கித் தின்றது. தலையை நிமிர்த்தாமலே, "மல்லாட்டையே போட்டிருப்பேன்" என்றாள்.

"வியாழக்கிழமைக்குள்ள பட்டைய மாத்திடறேன்க்கா" என்று சொல்லிவிட்டுத் திண்டிவனத்துக்கு ஓட்டினேன்.

பாய் சொல்லிக்காட்டவில்லை. "பழைய பட்டைய எடுத்துக்கினு வா. அரை நாளு" என்றார். புதிதாக வாங்கிப் போட்டால் என்ன என்று கேட்டேன். "இந்த வண்டிக்கு இப்ப யாரு பட்டை வெச்சிருக்கான்? மெட்ராசுக்குச் சொன்னா பத்து நாளு ஆவும். காய் காத்திருக்குமா?"

கையிலிருந்த வெண்ணெயை ஊருக்கெல்லாம் கொடுத்துவிட்டு நெய்க்கு அலையக் கிளம்பினேன். முதல் வீட்டுக்காரர் என்னைப் பார்த்ததும் உள்ளே போய் அரிவாளோடு வந்தார். "ஜோரா அமைஞ்சிச்சி தம்பி. சவுக்கு ஒரே வெட்டுதான்." அடுத்த வீட்டில் பட்டை களைக்கொத்தாகியிருந்தது. கறிக்கடையில் அது எலும்பு வெட்டிக்கொண்டிருந்தது. கடைக்காரர் வெட்டுவதை நிறுத்தாமலே எனக்கு நன்றி சொன்னார். கொல்லரிடம் போய், ஏதாவது மிச்சம் உண்டா, இல்லாவிட்டால் அடித்ததையே திரும்பப் பட்டையாக்க முடியுமா என்று கேட்டேன். "நான் இன்னா பிரம்மாவா?" என்றார். வீட்டுக்கு வந்தால் என் மனைவி கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அரிவாள்மணை புதிது. நான் அதையே பார்ப்பதைக் கவனித்துவிட்டு, "இதையும் கழட்டித் தரட்டுங்களா?" என்றாள்.

இப்படியே செவ்வாயும் போய்விட்டது. புதன்கிழமை காலை, முடியாது என்று சொல்வதற்காக அக்கா வீட்டுக்குப் போனேன். அவள் இல்லை. ஓடைப் பக்கம் ஆள் சத்தம் கேட்டது. அந்த உயரமான வண்டியிலேயே அங்கே போனேன்.

அக்கா விடிந்ததும் பங்காளி வீட்டுக்குப் போயிருக்கிறாள். என்ன பேசினார்கள் என்று பிறகு அவளே சொன்னாள். "மாமா, அந்த மோட்டக் கொஞ்சம் வெட்டிக்கட்டுமா?" என்று கேட்டாளாம். "இதக் கேக்கவா இத்தினி நாளு? வெட்டிக்கம்மா. மழைக்கு முன்னால மண்ணு போட்டுக்கினா போச்சி" என்றாராம் அவர். எல்லாம் அவ்வளவுதான். இந்த இரண்டு வரிகளைத் தடுப்பதற்காகத்தான் நான் லாரிப் பட்டை வாங்கியிருந்தேன்.

ஓடைக் கரையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். பெண்கள் கருவேல முள்ளை அரிவாளால் கழித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேர் கொத்தால் மண்ணைப் பெயர்க்க, மண்வெட்டியால் ஒருவர் இழுத்துத் தள்ளிக்கொண்டிருந்தார். மேட்டில் பாதி இல்லை. மண்வெட்டியைத் தவிர அங்கே உழைத்த இரும்பெல்லாம் என் வண்டியிலிருந்து வந்தது. நடுவே நின்ற பங்காளியின் கையிலும் ஓர் அரிவாள். அது கொல்லரின் கூலிப் பங்காக இருக்க வேண்டும். ரோட்டோரத்தில் ஒரு குட்டியானை, இடுப்பு உயரம்கூட இல்லாத லோடு வண்டி, காயை ஏற்ற நிதானமாகக் காத்துக்கொண்டிருந்தது.

பங்காளி நிமிர்ந்து, கழுத்தை வளைத்து, மேலே உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். சிரிக்கவே இல்லை.

"எறங்க ஸ்டூலு கொண்டாரச் சொல்லட்டுமா மாப்ள?"

எல்லாரும் சிரித்தார்கள். முதலில் சிரித்தவள் அக்கா. திங்கட்கிழமைக்குப் பிறகு அவள் சிரித்தது அப்போதுதான். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. கதவைத் திறந்து குதித்தேன். கால் கொஞ்சம் பிசகியது, காட்டிக்கொள்ளவில்லை. அவர் தன் அரிவாளைத் திருப்பிப் பிடித்து, கைப்பிடிப் பக்கத்தை என்னிடம் நீட்டினார்.

"புடி. அந்த ஓரத்து முள்ள நீ பாரு."

வாங்கிக்கொண்டு குனிந்து வெட்டினேன். ஒரே வெட்டில் கிளை விழுந்தது. திண்டிவனத்துப் பாய் முதல் நாளே சொன்னார், நல்ல பட்டை என்று.