ஆறு குடம் தண்ணீர்

சவரிமுத்து இறந்த செய்தியை அவருடைய மருமகன் அரிமளத்திலிருந்து பஸ் ஏறி வந்து சொன்னார். "மாமா முந்தாநாள் தவறிட்டாங்க. ரைட்டரய்யாகிட்ட நேர்ல போய்ச் சொல்லுன்னு அத்தை சொன்னாங்க" என்றார். அடக்கம் முடிந்திருந்தது. வந்தவரை உட்காரச் சொல்லக்கூடத் தோன்றாமல் நின்றேன்.

திருவரங்குளத்துக்கு அருகே இருந்த மாட்டுப் பண்ணையில் நான் கணக்கெழுதும் ரைட்டர். சவரிமுத்து எருக்குழிகளுக்கு மேஸ்திரி. மாடுகளுக்குப் படுக்கையாகப் பரப்பிய வைக்கோலையும் கடலைத்தோலையும் சாணத்தோடு அள்ளிவந்து குழியில் அடுக்குவார். கடப்பாரையைக் குழிக்குள் செருகி, சற்றுப் பொறுத்து உருவித் தொட்டுப் பார்ப்பார். சுட்டால் எரு மக்கத் தொடங்கிவிட்டது என்று பொருள்; "அடுப்பு மூண்டுருச்சு" என்பார்.

ஈரம் பார்க்க அவருக்குக் கை போதும். ஒரு பிடி அள்ளிப் பிழிவார். தண்ணீர் சொட்டக் கூடாது; உள்ளங்கை மட்டும் நனைய வேண்டும். நான் ஒருநாளும் பிழிந்து பார்த்ததில்லை. என்னிடம் எரு போடும் முறை பற்றி அச்சிட்ட குறிப்பு இருந்தது. அடுக்குக்கு ஆறு குடம் என்று அதில் கண்டிருந்தது.

ஓர் ஐப்பசியில் அடைமழை பிடித்துக்கொண்டது.

"தொழுவத்துலயே சொதசொதன்னு நனஞ்சு வருதுங்க. இதுக்கு மேல எதுக்குத் தண்ணி? குழிக்கு மூச்சு முட்டிப் போகும்" என்றார் சவரிமுத்து.

"குறிப்பில் உள்ளபடி செய்யுங்கள்" என்றேன்.

"அந்தக் காயிதத்துல மழை பெய்யலைங்களே!"

ஆட்கள் சிரித்தார்கள். எனக்கு முகம் சுண்டிவிட்டது. ஆறு குடமும் ஊற்றச் சொல்லி, குடைக்குள் நின்று எண்ணினேன்.

தை பிறந்தும் கடப்பாரை குளிர்ந்தே வந்தது. குழியில் அழுகிய முட்டை நாற்றம். அந்த எருவை அடுத்த விதைப்புக்குக் குடியானவர்களுக்குத் தருவதாகச் சொல்லியிருந்தோம். பார்வையிட வந்த அதிகாரி மூக்கைப் பொத்திக்கொண்டு, "இவ்வளவு தண்ணீர் விடச் சொன்னது யார்?" என்று கேட்டார்.

"மேஸ்திரியைத்தான் கேட்க வேண்டும்" என்றேன்.

சவரிமுத்து என்னைப் பார்த்தார். பிறகு, "கை தப்பிருச்சுங்க" என்றார். அன்றே மேஸ்திரி வேலை போயிற்று. கூடை சுமக்கும் ஆட்களில் ஒருவரானார்.

மறுநாள் காலை என் மேசைக்கு வந்தார். "காஞ்ச கடலைத்தோலு நாலு வண்டி வேணும். நீங்களே எழுதுவீங்களா, இல்ல அதுக்கும் யாரையாச்சும் கேக்கணுமா?"

எழுதிக் கொடுத்தேன். குழியில் கிடந்ததை மேட்டில் வாரிப் போட்டு, காய்ந்த தோலைக் கலந்து, காற்றுப் புகும்படி குவித்தார். பத்து நாள் கழித்து என் கையைப் பிடித்து இழுத்துக் கடப்பாரைமேல் வைத்தார். "தொட்டுப் பாருங்க. மூச்சு வந்துருச்சு." கை சுட்டது. விதைப்புக்கு எரு போய்ச் சேர்ந்தது.

அதன்பின் பல ஆண்டுகள் ஒன்றாக வேலை பார்த்தோம். அவர் அதைப் பற்றிப் பேசவில்லை. நான் பேச வேண்டும் என்று நினைத்து, தள்ளிப்போட்டு, ஓய்வும் பெற்றுவிட்டேன். அவர் மறுபடி மேஸ்திரி ஆகவில்லை.

"எங்க மாமா அந்த ஒரு குழியிலதாங்க கோட்டை விட்டாங்க" என்றார் மருமகன், புறப்படும்போது. அப்போதும் நான் தலையைத்தான் ஆட்டினேன்.

இதைப் படிக்கும், அவரை அறிந்த உங்களில் பலரும் அப்படியே நினைத்திருப்பீர்கள். ஆறு குடம் ஊற்றச் சொன்னவன் நான். அவர் வேண்டாம் என்றார்.

அவருடையது என்று என்னிடம் இருப்பது உள்ளங்கையில் பட்ட அந்தச் சூடு ஒன்றுதான். நாளை இந்தத் தாளை எடுத்துக்கொண்டு அரிமளம் பஸ் ஏறுகிறேன். அவர் மனைவிக்கு நானே படித்துக் காட்ட வேண்டும்.