அடுத்த மிசின் உனக்குத்தான்

காஜா பெராங் சாலையில், கம்போங் செட்டிக்குத் திரும்பும் முனைக்குச் சற்று முன்னால் உமரின் கடைசல் பட்டறை இருந்தது. முன்பக்கம், தெருவைப் பார்த்தபடி கடைசல் இயந்திரம். அதற்குப் பின்னால் மெராந்தி மரச் சட்டங்களும் பலாக் கட்டைகளும். எல்லாவற்றுக்கும் பின்னால், சுவரை ஒட்டி, காலால் மிதித்துச் சுற்றும் சாணைக்கல். தாவூதின் இடம் அதுதான். முக்காலியில் உட்கார்ந்தால் எதிரே சுவர். தெருவில் போகிறவர்களை அவன் காதால்தான் அறிந்தான்.

லாத்தா என்று அவன் கூப்பிடும் அக்கா ரஹீமாவின் கணவர் உமர். தாயும் தகப்பனும் போன பிறகு தாவூதை லாத்தாதான் வளர்த்தாள். அவள் கல்யாணமாகி வந்த வீட்டுக்கு அவனும் கூடவே வந்தான். பட்டறையை ஒட்டிய அந்த வீட்டின் பின்னறையிலேயே படுக்கை. சாணைக்கல்லில் உட்காரவைத்தபோது மீசை அரும்பவில்லை. இப்போது முன்மண்டையில் வழுக்கை ஏறத் தொடங்கியிருந்தது.

உமர் உயரமான ஆள். உளியின் கைப்பிடியை விலாவரை தூக்கிப் பிடித்துத்தான் கடைவார். அந்தப் பிடிக்கு உளிவாயின் சரிவு குட்டையாக இருக்கவேண்டும். நீண்டிருந்தால் மரத்துக்குள் பாய்ந்துவிடும். வாய்க்கால்போல் உட்புறம் குழிந்த குழியுளிகளைச் சாணையில் உருட்டி உருட்டிப் பிடித்து, உட்புறத்துப் பிசிறைச் சிறு தீட்டுக்கல்லால் எடுத்து, தோல்வாரில் இழுத்து, கடைசியில் இடது கட்டைவிரல் நகத்தில் வாயை வைத்துப் பார்ப்பான் தாவூத். வழுக்கினால் மறுபடியும் கல்லுக்குப் போகும். நகத்தைக் கவ்வினால் சுவரில் அதனதன் ஆணிக்குப் போகும். அந்த நகம் முழுக்கக் குறுக்குக் கோடுகள்.

வாய் நன்றாக இருக்கும் உளி மரத்தில் ஓடும்போது பட்டுத்துணி கிழிகிற சத்தம் வரும். மழுங்கத் தொடங்கியதும் அதில் மெல்லிய கீச்சு ஒன்று சேரும். கடைகிற உமருக்கு அது கேட்பதற்கு முன் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் தாவூதுக்குக் கேட்டுவிடும். மச்சான் கூப்பிடும் முன்பே அடுத்த உளி அவர் கைக்கருகில் இருக்கும். அது அவன் கெட்டிக்காரத்தனம். அவனுக்கு வந்த கேடும் அதுதான்.

அவனுக்குக் கடையத் தெரியும். மச்சான் மதியம் சாப்பிட்டுச் சற்றுக் கண்ணயரும் நேரத்தில், கழித்துப் போட்ட கட்டைகளில் கடைந்து பழகியிருந்தான். கட்டில் கால், தொட்டில் கம்பு எல்லாம் கைவந்துவிட்டன. அவன் கட்டையான ஆள். மச்சானின் உளிகளைப் பிடிக்கத் தோளை எக்கிக்கொண்டு நிற்கவேண்டியிருந்தது. அப்படி நின்றே கற்றான். உமருக்கும் இது தெரியும். "இன்னொரு மிசின் வரட்டும், தாவூது. அடுத்த மிசின் உனக்குத்தான்" என்று நோன்புப் பெருநாள்தோறும் சொல்வார். சொல்லும்போது மனதாரத்தான் சொன்னார்.

1957இல் மிசின் வந்தது. ஆகஸ்டு கடைசியில் நாட்டுக்குச் சுதந்திரம் என்று ஆனதும் கடைகளுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் கொடிக்கம்பம் வேண்டியிருந்தது. கம்பத்தின் உச்சிக்கு ஒரு மரக்குமிழ் வேண்டும். புக்கிட் பாருவிலிருந்துகூட ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். ஒரே இயந்திரம் ஈடுகொடுக்கவில்லை. உமர் ஜொகூர் பக்கம் போய்ப் பழைய இயந்திரம் ஒன்றை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார். தாவூத் அதன் துருவைத் தேய்த்து, எண்ணெய் விட்டு, வார்ப்பட்டை மாட்டினான். மறுநாள் காலை தலைவாரி, சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு பட்டறைக்குள் வந்தான்.

இயந்திரத்தின் முன் உமரின் தம்பி அப்துல் கய்யூம் நின்றுகொண்டிருந்தான். சிங்கப்பூரில் கப்பல் துறையில் இருந்தவன்; வேலை போய் முந்தின வாரம்தான் திரும்பியிருந்தான்.

"என்ன மாப்பிள்ள, பொண்ணு பாக்கவா கிளம்பிட்ட?" என்றான் கய்யூம், தாவூதின் சட்டையைப் பார்த்து.

தாவூத் உமரைப் பார்த்தான். உமர் கட்டையைப் பொருத்திக்கொண்டே, திரும்பாமல் சொன்னார்: "கய்யூமு இதுல நிக்கட்டும், தாவூது. அவன் கத்துக்குவான். கடைசலுக்கு ஆள வச்சுப் பழக்கிக்கலாம்லா. உன் எடத்துல நான் யாரக் கொண்டாந்து உக்கார வைப்பேன்? நீயே சொல்லு."

"நீங்க சொன்னீங்களே மச்சான்."

"சொன்னேன். இல்லேன்னா சொன்னேன்? இப்ப ரெண்டு மிசினு. சாணை நிக்கக் கூடாது. நீ எந்திரிச்சா ரெண்டும் படுத்துரும்."

தாவூத் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு முக்காலியில் உட்கார்ந்தான். அன்று முதல் இரண்டு பேருக்குத் தீட்டவேண்டியிருந்தது. கய்யூமுக்குக் கை முரடு. உளியைக் கட்டையில் முட்டக் கொடுப்பான். அவனுக்கென்று வாயைச் சற்றுத் தடிமனாக விட்டுப் பிடித்தான் தாவூத். யாரும் சொல்லவில்லை, ஒரு பொழுதில் சத்தத்தைக் கேட்டே கண்டுகொண்டான்.

மதியச் சோற்றில் லாத்தா கூடுதலாக ஒரு மீன்துண்டு வைத்தாள். "மனசுல ஒண்ணும் வச்சுக்காதடா. அவுக தம்பி. வெறும் கையோட வந்து நிக்கிறான். நான் போயி என்ன பேச முடியும்?"

"நீங்க ஒண்ணும் பேச வேணாம் லாத்தா."

"வீட்டுல சத்தம் வந்துரக் கூடாது. அவ்வளவுதான்."

சத்தம் வராமல் செய்ய ஒரு வழி இருந்தது. ஒரு காலை கய்யூமின் உளியைச் சாணையில் பிடித்தவன், உட்புறத்துப் பிசிறை எடுக்காமல் அப்படியே விட்டான். பிசிறுள்ள வாய் நாலு சுற்றில் மடங்கிவிடும். நாள் முழுக்க இப்படி நடந்தால், இவனை இங்கே வைத்து என்ன பயன் என்று மச்சானுக்கே தோன்றும். உளியை ஆணியில் மாட்டப் போனான். கை அதற்குள் தோல்வாரில் இழுத்துவிட்டிருந்தது. இன்னொன்றை எடுத்துப் பார்த்தான். கட்டைவிரல் தானாக எழுந்து வந்தது. உளி நகத்தில் வழுக்கியது. வழுக்கியதை மாட்ட முடியவில்லை. திரும்பவும் கல்லில் வைத்தான். கெட்ட வாய் ஒன்று தீட்ட அவனுக்கு வரவில்லை.

செமாபோக்கில் பொன்னுதுரை என்பவருடைய நாற்காலிப் பட்டறைக்குக் கடைசல்காரன் தேவை என்று மரம் இறக்க வந்தவர்கள் பேசிக்கொண்டார்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் தாவூத் யாரிடமும் சொல்லாமல் சைக்கிளை மிதித்தான். வழியெல்லாம் கடைசல்காரனாக அங்கே தங்கப்போகும் அறையை நினைத்துப் பார்த்தான். அதில் ஜன்னல் தெருவைப் பார்த்து இருந்தது.

பொன்னுதுரை பருத்த மனிதர், பல்லில் சுருட்டு. "கடைசல் வருமா தம்பி? வாய்ல சொல்றவன் நெறைய பாத்துட்டேன். அந்தா கட்டை இருக்கு. படிக்கட்டுத் தூண் ஒண்ணு கடைஞ்சு காட்டு" என்றார். தியாகு என்ற மூத்த கடைசல்காரர் இயந்திரத்தை விட்டு விலகி இடம் கொடுத்தார்.

தாவூத் கட்டையைப் பொருத்தினான். குழியுளியைக் கையில் எடுத்தான். நகத்தில் வைத்தான். வழுக்கியது.

மூலையில் சாணைக்கல் இருந்தது. கடைவதற்கு முன் உளியைத் தீட்டாமல் இருக்க முடியுமா என்ன? போய் உட்கார்ந்தான். கைப்பிடி எங்கே தேய்ந்திருக்கிறது என்று பார்த்தான். தேய்மானம் தியாகு நிற்கும் விதத்தைச் சொன்னது. அதற்குத் தகுந்தபடி சரிவைப் பிடித்தான். தட்டில் இன்னும் ஐந்து உளிகள் கிடந்தன. மழுங்கிய உளி கண்ணெதிரே கிடந்தால் அவனுக்குக் கை ஓடாது. ஐந்தையும் முடித்துவிட்டுத்தான் எழுந்தான். பிறகு தோளை ஒரு பக்கம் சாய்த்து, தனக்குப் பொருந்தாத அந்த உளியால் தூணைக் கடைந்தான். மூன்று மணிகள், நடுவே ஒரு குடம், மேலே கழுத்து. குறை சொல்ல இடமில்லை.

இயந்திரத்தை நிறுத்திவிட்டுத் திரும்பினான். பொன்னுதுரை இந்தப் பக்கமே பார்க்கவில்லை. இன்னொரு இயந்திரத்தில், அவன் தீட்டிய உளியால் தியாகு கடைவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். சீவல் அறுபடாமல் நாடாபோல் வந்து தரையில் சுருண்டது.

"எனக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு மொதலாளி" என்றார் தியாகு.

பொன்னுதுரை சுருட்டை எடுத்தார். "தம்பி, கடைசலுக்கு ஆள் எப்படியும் கெடைப்பான். நீ சாணைக்கு வந்துடு. கடைசல்காரனுக்கு என்ன உண்டோ அது உனக்கும் உண்டு. ரூமுகூடத் தர்றேன்."

"நான் கடைசலுக்குத்தான் வந்தேன்."

"நல்லாத்தான் கடையிற, இல்லேங்கல" என்றார் அவர், தூணைப் பார்க்காமலே. "ஆனா இது வேற கை."

அவர் கையை நீட்டிக் காட்டிய இடத்தில் சாணைக்கல் இருந்தது. அதற்கு எதிரே சுவர். தாவூத் முகத்தைக் கழுவிக்கொண்டு சைக்கிளை எடுத்தான். திரும்பும் வழியில் இறங்கித் தள்ளிக்கொண்டு நடந்தான். ஆறு உளிகள் தீட்டினோமே, ஒன்றையாவது நம் கைக்குத் தீட்டத் தோன்றவில்லையே என்று அப்போதுதான் பட்டது. யோசித்துப் பார்த்தான். மீசை அரும்பாத நாளிலிருந்து இன்றுவரை தன் கைக்கென்று ஒரு உளியையும் அவன் தீட்டியதில்லை.

மறுநாள் காலை பழைய இரும்புப் பெட்டியைக் கிளறி, தேய்ந்து குட்டையாகி உமர் கழித்துப் போட்ட குழியுளி ஒன்றை எடுத்தான். கைப்பிடியை இடுப்புக்குக் கீழே தாழ்த்திப் பிடிக்கும் குட்டை ஆளுக்கு ஏற்றபடி, சரிவை நீளமாக இறக்கினான். இரும்பு சூடேறி நீலம் பாயாமல் இருக்க அடிக்கடி தண்ணீரில் முக்கினான். உளிகள் வரிசையில் கடைசியில் புதிய ஆணி ஒன்று அடித்து அதை மாட்டினான்.

குமிழ் வேலை நெருக்கிக்கொண்டிருந்தது. உமர் அவசரத்தில் கைக்கு வந்த உளியை எடுத்து, விலாவரை தூக்கிப் பிடித்துக் கட்டையில் வைத்தார். உளி மரத்துக்குள் பாய்ந்தது. பாதி கடைந்த குமிழ் பிடுங்கிக்கொண்டு பறந்து போய்த் தகரக் கதவில் மோதியது.

"யா அல்லா! டேய் தாவூது, என்ன தீட்டி வச்சிருக்க? கொல்லப் பாத்தியா?"

கய்யூம் தன் இயந்திரத்தை நிறுத்தினான். "அண்ணே, கொடி ஏத்துறதுக்கு முன்னாடி குமிழு ஏறிப் போச்சு!"

தாவூத் எழுந்து வந்தான். "அது உங்க உளி இல்ல மச்சான்."

"பின்ன யாருது?"

"என்னுது."

உமர் கையிலிருந்த உளியைத் திருப்பிப் பார்த்தார். நீண்டு இறங்கிய சரிவைக் கட்டைவிரலால் தடவினார். "இத வச்சு எவன் கடைவான்?"

தாவூத் கையை நீட்டினான். உமர் கொஞ்ச நேரம் கொடுக்கவில்லை. பிறகு கொடுத்தார்; கொடுத்ததும் ஒரு அடி விலகினார். தாவூத் புதுக் கட்டையைப் பொருத்தி, கைப்பிடியை இடுப்புக்குக் கீழே இறக்கி, உளியை வைத்தான். தோளை எக்கவேண்டியிருக்கவில்லை. தெரு நேர் எதிரே இருந்தது. குடத்தோடு ஒரு பெண், ஐஸ் விற்கிற சைக்கிள், செட்டி வீட்டு நாய். சீவல் மணிக்கட்டின் மேல் சுருண்டு விழுந்தது.

"சரி, அந்தக் குமிழ முடி" என்றார் உமர். அவர் குரலில் கோபம் இல்லை, விட்டுக்கொடுத்த தொனியும் இல்லை. "முடிச்சிட்டு வந்து என் முக்கா அங்குல உளியப் பாரு. வாய் போயிருச்சு."

கய்யூம் மறுபடியும் கடையத் தொடங்கினான். சற்று நேரத்தில் அவன் உளியில் கீச்சு சேர்ந்தது. தாவூதுக்குக் கேட்டது. கால் அந்தப் பக்கம் திரும்பப் பார்த்தது. திரும்பாமல் பிடித்து நிறுத்தினான். குமிழின் உச்சியை இன்னும் ஒரு முறை வழித்தான். பிறகு அவசியமே இல்லாமல் இன்னும் ஒரு முறை.

"மாப்பிள்ள, உளி புடிக்கலப்பா! என்னா பண்றே?" என்று கய்யூம் கத்தினான்.

தனக்கு ஒரு உளி வேண்டுமென்று கய்யூம் வாயைத் திறந்து கேட்டது அதுதான் முதல் தடவை. தாவூத் குமிழைக் கழற்றிப் பலகையில் வைத்தான். தன் உளியைத் துடைத்துப் புதிய ஆணியில் மாட்டினான். பிறகு போய் முக்காலியில் உட்கார்ந்து, சுவரைப் பார்த்தபடி, சாணையை மிதித்தான்.