தரையைப் பார்த்தபடி ஒரு வாரம்

டெல்லி மெட்ரோவில்தான் முதலில் தெரிந்தது. மயூர் விஹார் நிலையப் பலகையில் நடு எழுத்து ஒன்றைக் காணோம். எழுதியவரை மனதுக்குள் திட்டிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். நாளிதழைப் பிரித்தால் அங்கேயும் ஒவ்வொரு சொல்லிலும் நடுவே ஓர் எழுத்து இல்லை. வரிகள் வேறு நெளிந்தன.

விழித்திரையின் மையத்தில் துளை (கூர்மையான பார்வை தரும் புள்ளியில் விழும் சிறு ஓட்டை) என்றார் மருத்துவர். வலது கண்ணில். என் இடது கண் சிறுவயதிலிருந்தே சோம்பல் விழி. ஆள் தெரியும், எழுத்து தெரியாது. ஆக, இதுவரை படித்ததெல்லாம் அந்த வலது கண்ணால்தான். அறுவை சிகிச்சை செய்ய வேண்டும் என்றார். அதற்குப் பிறகு படிக்க முடியுமா என்று கேட்டேன். துளை மூடினால் பார்க்கலாம் என்றார். பயத்தோடு வீடு திரும்பினேன்.

மத்திய அரசு வேலையில் வாழ்நாள் முழுக்கக் கோப்புகளைப் படித்தவன் நான். கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸில் இருந்த காலமெல்லாம் புத்தகங்களை வாங்கி அடுக்கினேன், ஓய்வு பெற்றதும் படிக்கலாம் என்று. ஓய்வும் பெற்று, இந்த ஃபிளாட்டுக்கு அவற்றைப் பெட்டி பெட்டியாகக் கொண்டுவந்து, அலமாரியும் செய்தாயிற்று. உட்கார்ந்து படிக்கப் போகிற நேரம் பார்த்துக் கண் போனது. எரிச்சல் எரிச்சலாக வந்தது.

அறுவையில் கண்ணுக்குள் இருக்கும் கூழை எடுத்துவிட்டு வாயுக் குமிழி ஒன்றை வைக்கிறார்கள். அது மேலே மிதந்து, கண்ணின் பின்பக்கம் இருக்கும் துளையை அழுத்த வேண்டும். அதற்காக ஒரு வாரம் முகத்தைக் கவிழ்த்தே இருக்க வேண்டும். உங்களுக்கும் அப்படிச் சொல்லியிருந்தால் முன்கூட்டியே ஒன்று சொல்லிவிடுகிறேன்: கழுத்து வலி பழகிவிடும். பொழுதுதான் போகாது.

துவாரகாவிலிருந்து வந்த மகள் நித்யா கைப்பேசியில் சொற்பொழிவுகளைப் போட்டுவிட்டாள். டெல்லியில் பிறந்தவள், தமிழ் பேசுவாள், படிக்க வராது. சொற்பொழிவு தூக்கத்தைத்தான் கொடுத்தது. மனைவி சரோஜா ஒரு நாவலை எடுத்து வாசித்துக் காட்டினாள். நான் கவிழ்ந்தபடியே அவளுடைய உச்சரிப்பைத் திருத்திக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் புத்தகத்தை மூடிவிட்டாள்.

"நான் உங்களுக்கு வாசிச்சுக் காட்டுறேனா, பரீட்சை எழுதுறேனா? பேசாம கிடங்க."

பேசாமல் கிடந்தேன். மேசை விளிம்பில் தலையணை போட்டு நெற்றியைச் சாய்த்தால் தெரிவது தரை மட்டும். சதுரம் சதுரமாக டைல்ஸ். இடது கண்ணுக்கு அது போதும். ஒரு டைலைப் பார்த்தேன். அதன் வலப்பக்கம் ஒன்று, கீழே ஒன்று, மூலையில் ஒன்று என மூன்று டைல் சேர்த்தால் ஒரு பெரிய சதுரம். அதையொட்டி இன்னும் ஐந்து சேர்த்தால் அடுத்த சதுரம். அப்புறம் ஏழு. ஒற்றைப்படை எண்களை வரிசையாகக் கூட்டினால் வர்க்க எண் வரும் என்பது பள்ளியில் நான் மனப்பாடம் செய்த சூத்திரம். முழு மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். ஏன் அப்படி வருகிறது என்று யாரும் கேட்கவில்லை, எனக்கும் தோன்றவில்லை. அட, காலடியிலேயே கிடந்திருக்கிறதே! தனியாகச் சிரித்தேன். அறுவைக்குப் பிறகு நான் முதல்முறையாகச் சிரித்தது அன்றுதான்.

சரோஜாவின் பாதங்கள் பக்கத்தில் வந்து நின்றன. டைல்களைக் காட்டி விளக்கினேன். பொறுமையாகக் கேட்டாள்.

"அச்சா. இதுக்கு யாரு மார்க் போடப் போறாங்க?"

"யாரும் இல்ல" என்றேன். அதைச் சொன்னபோது மனசுக்கு அவ்வளவு நிம்மதியாக இருந்தது.

பயம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் யோசிக்க விஷயம் இருந்தது. எப்போதோ அவசரமாகப் படித்து முடித்த ஒரு கதையில், ஒரு தாய் கடைசிவரை ஏன் வாயே திறக்கவில்லை என்று இரண்டு நாள் யோசித்தேன். விடை கிடைக்கவில்லை. ஆனாலும் அந்த இரண்டு நாளும் நன்றாகப் போயின.

துளை மூடிவிட்டது. குமிழி கரைகிறவரை, தண்ணீர்மட்டம்போல ஒரு கோடு கண்ணுக்குள் தினமும் கொஞ்சம் இறங்கிக்கொண்டிருந்தது. இப்போது படிக்கிறேன். வரி நடுவில் இன்னும் லேசாக வளைகிறது. அரைப் பக்கத்துக்கு மேல் போனால் கண் களைத்துவிடுகிறது. இந்த வேகத்தில் அலமாரியில் இருப்பதை முடிக்க இந்த ஆயுள் போதாது. அது தெரிந்தும் வருத்தமில்லை. அரைப் பக்கம் ஆனதும் புத்தகத்தை மடியில் வைத்துக்கொள்கிறேன். கழுத்து தானாகக் குனிந்துகொள்கிறது, தரை தெரிகிறது, யோசிக்கிறேன்.

இன்று காலை சரோஜா எட்டிப் பார்த்தாள்.

"நேத்தும் இதே பக்கம்தானே?"

"ஆமா" என்றேன். "ஜல்தி ஒண்ணும் இல்ல."