கிருஷ்ணா தியின் தலைவலிகள்

படியேறி வந்த மூச்சு அடங்குமுன் கிருஷ்ணம்மாள் குறை சொல்லத் தொடங்கிவிடுவார். "அலிப்பூர் ஆபீஸ்ல ஒரே தலைவலி, தாதா. புருஷன் செத்துப்போய், இன்சூரன்ஸ் பணம் கேட்டு ஒரு அம்மா வருது. இன்னிக்கு ஒரு காகிதம் கொண்டாங்கிறாங்க, அடுத்த மாசம் இன்னொண்ணு. பாவம், அலையா அலையுது. நீங்களா இருந்தா என்ன செய்வீங்க?" 'தாதா' என்றால் அண்ணன். பேசுவது வங்காள மொழிதான், விருதுநகர் வாடை தூக்கலாக இருக்கும். சால்ட் லேக் கிளையில் அதைக் கேட்டுச் சிரிப்பார்கள். சிரித்தவர்கள் 'கிருஷ்ணா தி' என்று அக்கா முறை வைத்துப் பேச ஆரம்பித்துவிடுவார்கள். அவருக்கு அது போதும்.

இதில் ஒரு கள்ளத்தனம் உண்டு. அலிப்பூரில் அந்தத் தலைவலி எப்போதோ தீர்ந்துவிட்டது. அங்கே வந்தவரை முதல் நாளே பக்கத்தில் உட்கார வைத்து, கோப்பைப் பிரித்து, என்னென்ன வேண்டும் என்று ஒரேயடியாகச் சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். அலைய விட்டுக்கொண்டிருந்தது சால்ட் லேக்தான்.

ஒரு கிளையில் நன்றாக நடப்பதை மற்ற கிளைகளிலும் நடக்க வைப்பதுதான், அந்த அரசு இன்சூரன்ஸ் நிறுவனத்தில் கிருஷ்ணம்மாளின் வேலை. பதவியின் பெயர் ஒரு முழம் நீளம். ஆள் அவர் ஒருவர்தான். 1997இல் பொறுப்பேற்ற புதிதில் சர்க்குலர் அனுப்பினார். எல்லாக் கிளைகளும் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போட்டு, பீரோவில் வைத்துப் பூட்டின. அலிப்பூர் ஆள் ஒருவரையே கூட்டி வந்து பேச வைத்தார். "அவங்ககிட்ட நாங்க பாடம் படிக்கணுமா?" என்று சால்ட் லேக் பிரிவுத் தலைவர் சமத்தார் டீ குடிக்கப் போய்விட்டார். பின்னாலேயே பிரிவும் போனது. அதற்குப் பிறகு பிடித்துக்கொண்டதுதான் இந்தக் குறை சொல்லும் வித்தை.

லேக் கார்டன்ஸ் வீட்டில் இருக்கும் கணவர் சிவலிங்கம் துறைமுகத்தில் ஓய்வு பெற்றவர், இருதய ஆபரேஷன் ஆனவர். "உப்பைக் குறைங்கன்னு ஒரு வார்த்தை சொல்லமாட்டா. 'எதிர்வீட்டு போஸ் பாபுக்குக் கால் வீங்கிக் கெடக்காம், எதனாலன்னு தெரியலையே'ம்பா. நானே ஊறுகாயத் தள்ளி வச்சிருவேன்" என்பார். மறுநாள் ஏரிப் பக்கம் போஸ் பாபு வேகவேகமாக நடந்து போவாராம்.

சால்ட் லேக்கில் இந்த வித்தை பலிக்க மாதக்கணக்கில் இழுத்தது. ஒருநாள் சமத்தார் மேஜையைத் தட்டினார். "கிருஷ்ணா தி, அலிப்பூர்காரங்களுக்கு மூளையே கிடையாது. வந்த அன்னிக்கே எல்லாத்தையும் ஒண்ணாச் சொல்லிட்டா என்னவாம்?"

"அட, இது யாருக்கும் தோணலையே தாதா!" என்று வாயில் கை வைத்துக்கொண்டார் கிருஷ்ணம்மாள்.

அடுத்த வாரமே கவுண்டர் ஓரமாக ஒரு பெஞ்சு வந்தது. வெள்ளைச் சேலைப் பெண்கள் அதில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டு, அதே காரியத்துக்கு மறுபடி படியேறாமல் போனார்கள். அதைப் பார்க்கப் பார்க்க அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

2001இல் ஆட்குறைப்பு வந்தது. அவருடைய பதவி தேவைதானா என்று பார்க்கத் தலைமை அலுவலகத்திலிருந்து பொது மேலாளர் ஒருவர் வந்தார். தேவையில்லை என்றால், ஒரு ராத்திரி ரயில் பயணம் தள்ளியிருக்கும் சிலிகுரிக்கு மாற்றல். "இவரை யார்கிட்ட விட்டுட்டுப் போவேன்?" என்று கணவரை நினைத்துக் கிருஷ்ணம்மாள் நிஜமாகவே பயந்து போயிருந்தார்.

பெஞ்சைப் பார்த்து மேலாளருக்குத் திருப்தி. யாருடைய யோசனை என்று கேட்டார்.

"எங்க பிரிவோடதுதான் சார்" என்று சமத்தார் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, முதலிலிருந்து கடைசி வரை விளக்கினார். பொய் சொல்கிற முகமே இல்லை. மனதார நம்பிப் பேசினார்.

மேலாளர் கிருஷ்ணம்மாள் பக்கம் திரும்பினார். "இதில் உங்கள் பங்கு என்ன, மேடம்?"

உண்மையைச் சொன்னால் வேலை தங்கும். ஆனால் அலிப்பூர்ச் சரக்கு என்று தெரிந்த அன்றே பெஞ்சு வராந்தாவுக்குப் போய்விடும். மேலாளரிடம் தனியாகச் சொன்னாலும் அறிக்கையில் ஏறி, சுற்றிச் சுற்றி இங்கேதான் வந்து சேரும்.

கிருஷ்ணம்மாள் கைப்பையைத் துழாவிப் பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினார்.

"தாதா, கடைசியாச் சொன்னீங்களே, அதை மட்டும் கொஞ்சம் நிதானமா இன்னொரு தடவ சொல்லுங்க. ஹௌரா ஆபீஸ்ல இது யாருக்கும் தெரியாது, போய்ச் சொல்லணும்" என்று சமத்தாரிடம் சொல்லிவிட்டு, நாற்காலியை அவர் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டார்.