மலிவான விளக்கும் மீன் ஆணமும்

கல்முனையில் எங்கள் வீட்டு முன்னறையில் பெண்களுக்கு மட்டும் அடையாள அட்டைப் படம் எடுத்து வருகிறேன். ஆண்கள் இருக்கும் ஸ்டூடியோவில் முக்காட்டை விலத்த அவர்களுக்கு விருப்பமில்லை. ஸ்டூடியோ விளக்கு வாங்க வசதியில்லாததால், கட்டட வேலைக்குப் பாவிக்கும் ஹலோஜன் விளக்கொன்றை மலிவாக வாங்கினேன். வெளிச்சம் அமோகம், சூடும் அப்படித்தான்.

சென்ற மாதம் பக்கத்து வீட்டு மரியம் ராத்தா படமெடுக்க வந்தார். யாரும் எட்டிப் பார்க்காதபடி ஜன்னலை முன்பே பலகை அடித்து மூடியிருந்தேன். வாசற் கதவையும் தாழிட்டுத் திரையை இழுத்துவிட்டேன். பின்னணிக்குக் கட்டிய வெள்ளைச் சீலைக்கு முன்னால் உட்கார்ந்த ராத்தா, "தங்கச்சி, பின்னால மீன் ஆணம் மணக்குது" என்று குழம்பு வாசத்துக்கு மூக்கைச் சுளித்தார்.

"ஆடாம இரிங்க ராத்தா" என்று படத்தை எடுத்தேன்.

பிலிமைச் சுற்றும்போது என் கால் வயரில் தடக்கியது. விளக்கு வாசல் திரையில் சாய, நைலோன் திரை குப்பென்று பற்றியது. கதவை நெருங்க முடியவில்லை. புகைக்குள் நின்று ஜன்னல் பலகையைக் கையால் அடித்துக்கொண்டிருந்தேன்.

"ஆணம் மணந்த பக்கம் கதவு இல்லையா புள்ள?" என்றார் ராத்தா.

இருந்தது. சமையலறைக் கதவை மறைத்துத்தான் அந்தச் சீலையை நானே கட்டியிருந்தேன். அதை இழுத்துக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தோம். அல்ஹம்துலில்லாஹ், சேதம் அந்தத் திரையோடு போயிற்று.

இப்போது சுவரில் இரண்டு டியூப் லைட் பூட்டியிருக்கிறேன். விலையும் குறைவு, சூடும் இல்லை. ஜன்னல் பலகையைக் கழற்றிவிட்டேன்; படமெடுக்கும்போது மட்டும் ஜன்னலைச் சாத்திக்கொள்கிறேன். சீலை வெறும் சுவரில் தொங்குகிறது.

ராத்தாவுக்கு வேறு படம் எடுத்துத் தருகிறேன் என்றேன். அவர் மூக்கைச் சுளித்த படத்தையே வாங்கிக்கொண்டார்.

"இந்த மூக்குத்தானே நம்மளக் காப்பாத்தின" என்றார்.