கருவாட்டு மணலும் ஐந்தாவது ஓட்டும்

நாட்டார் இருந்தார், குப்பத்துப் பஞ்சாயத்துக்கு அவர்தான் தலைவர். அவர் தம்பி இருந்தார். கரையில் மீன் ஏலம் விடுகிறவர் இருந்தார். மாதா கோயிலில் மணியடிப்பவர் இருந்தார். நான் இருந்தேன். சற்றுத் தள்ளி, கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் என் மனைவி உட்கார்ந்திருந்தாள். அவளை யாரும் கூப்பிடவில்லை.

சாந்தோம் கரையில் வலை வைக்கும் கொட்டகை அது. கார்ப்பரேஷன் எலெக்ஷன் நெருங்கியிருந்தது. அப்போதெல்லாம் வரி கட்டுகிறவனுக்குத்தான் ஓட்டு. குப்பத்தில் வரி கட்டும் வீடு எங்கள் ஐந்து பேருடையதுதான். மற்றதெல்லாம் ஓலைக் குடிசை.

எலெக்ஷனில் நின்றவர்கள் இரண்டு பேர். ஒருவர் கடலைப் பார்த்த பங்களாவில் இருந்த வக்கீல். கருவாட்டு நாற்றம் மாடிவரை வருகிறது, அந்த மணலைக் காலி செய்ய வைப்பேன் என்று மீட்டிங்கில் பேசினார். மற்றவர் சாராயக் கடை குத்தகைக்காரர். அதே மணலில் வண்டி ஷெட்டும் இன்னொரு கடையும் போட அலைந்தார். எங்கள் பெண்கள் மீன் காயவைப்பது அங்கேதான். கடல் விடாத மாதங்களில் கருவாடு விற்றுத்தான் சோறு. எவர் வந்தாலும் மணல் போகும்.

நாட்டார் யோசனை வைத்திருந்தார். "ரெண்டு இங்க, ரெண்டு அங்க. எவன் ஜெயிச்சாலும் நாங்க உனக்குத்தான் போட்டோம்னு போய் நிக்கலாம்."

"அஞ்சாவது?" என்றார் ஏலக்காரர்.

நாட்டார் என்னைப் பார்த்தார். "அது உன் இஷ்டம் நைனா. பஞ்சாயத்து கேக்காது."

"ஒரு ஓட்டு, ஒரு ஓட்டு, ரெண்டாந்தரம்! கேக்கறவங்க கேளு!" என்று ஏலக்காரர் கூவினார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

குப்பத்தில் தனியாக யாரும் எதையும் முடிவு செய்வதில்லை. எந்த நாள் கடலுக்குப் போகக்கூடாது, யார் பெண் யாருக்கு, எல்லாம் பஞ்சாயத்து சொல்லும். செய்வோம். உன் இஷ்டம் என்று அதுவரை என்னிடம் ஒருவரும் சொன்னதில்லை. வலையை எடுத்தேன். வைத்தேன். மறுபடி எடுத்தேன்.

மறுநாளே விஷயம் இரண்டு பக்கமும் போய்விட்டது. பிரித்துப் போடுவதை வெளியே சொல்லக் கூடாது என்று ஏலம் விடுகிற வாய்க்குத் தெரியவில்லை. இரண்டு பக்கத்து ஆட்களும் என்னைத் தேட ஆரம்பித்தார்கள்.

நானே வக்கீல் பங்களாவுக்குப் போனேன். மணலைப் பற்றிக் கேட்டுவிடலாம் என்று. ஐயா பூஜையில் இருக்கிறார் என்றான் காவல்காரன். கேட்டுக்கு வெளியே நின்றேன். வெயில் ஏறியது. பிறகு மோட்டார் வந்தது. கும்பிட்டேன். அவர் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு போய்விட்டார். காலையில் குளித்துவிட்டுத்தான் போயிருந்தேன்.

வீட்டுக்குப் போகக் கால் வரவில்லை. கோயில் குளத்தைத் தாண்டி மாம்பலம் வரை நடந்தேன். ஏரி இருந்த இடத்தில் வரிசையாகப் புது வீடுகள். அந்த ஏரியில் மீன் பிடித்தவர்கள் எங்கே போனார்கள் என்று ஒரு டீக்கடையில் கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. திரும்பினேன்.

வீட்டு வாசலில் குத்தகைக்காரர் நின்றிருந்தார். என் மனைவி துடைப்பத்தோடு எதிரே நின்றாள்.

"ஓரமா ஒரு ஷெட்டும்மா. அவ்ளோதான்."

"ஓரம் இன்னா, நடு இன்னா? உன் வூட்டு அடுப்புல நான் மாட்டைக் கட்டட்டா?"

"இன்னாம்மா, மருவாதியா பேசு."

"மருவாதி வேற கேக்குதா கஸ்மாலம்! உன் கடையால எத்தினி பொம்பள பட்டினி கெடக்கறா, தெரியுமா?"

அவர் முகம் சிவந்தது. தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. என்னைக் கண்டதும், "உன் பொஞ்சாதிக்கு வாய் ரொம்ப நீளம்பா" என்றார். போய்விட்டார்.

"இவனும் வேணாம், அவனும் வேணாம். போடாமலே வுட்டுடறேன்" என்றேன்.

"போடாத வுட்டா மட்டும் ரெண்டு பேரும் செத்தா பூடுவானுங்க? எவனோ ஒருத்தன் வரத்தான் போறான்." துடைப்பத்தை மூலையில் வைத்தாள். "அந்த பங்களாக்காரன் கிட்ட உன்னால கேட்டைத் தாண்ட முடிஞ்சுதா? இவன் தெனமும் இப்டிதான் போவான், வருவான். திட்டுனா இவன் காதுல விழும்."

"அதுக்காக சாராயக் கடைக்காரனுக்கா?"

"எனக்கு ஓட்டு இல்ல. நீயே ரோசனை பண்ணிக்கோ."

யோசனை செய்தேன். வேறு ஒன்றும் தோன்றவில்லை.

ஓட்டுப் போடும் நாள் இரண்டு பேருமே வண்டி அனுப்பினார்கள். ஏறவில்லை. நடந்தேன். எழுத்துத் தெரியாதவர்களுக்காகப் பெட்டிக்கு வர்ணம் பூசியிருந்தார்கள். வக்கீலுக்குப் பச்சை. குத்தகைக்காரருக்குச் சிவப்பு. திரைக்குப் பின்னால் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். சீக்கிரம் என்று வெளியே குரல் கேட்டது. சிவப்பில் போட்டேன்.

குத்தகைக்காரர் ஜெயித்தார். வித்தியாசம் பெரிது, என் ஒரு ஓட்டால் ஒன்றும் ஆகவில்லை. நாட்டார் எலுமிச்சம்பழத்தோடு போய், நாங்க உனக்குத்தான் போட்டோம் என்றார். "எந்த நாங்க?" என்று கேட்டாராம் அவர்.

மூன்றாம் மாதம் மணலில் கம்பு நட்டார்கள். பெண்கள் கூடைகளோடு போய் நின்றார்கள். குத்தகைக்காரர் போகும்போது ஏசினார்கள், வரும்போது ஏசினார்கள். அவர் மனைவி, மக்கள் முன்னால், கோயில் வாசலில்கூட ஏசினார்கள். மணலில் போட இருந்த சாராயக் கடையை அவர் விட்டுவிட்டார். ஷெட்டை விடவில்லை. அதைச் சுற்றி வேலி போட்டார்.

வேலி போட்ட அன்று கையை விரித்து, பாகம் பாகமாக மணலை அளந்தேன். மனைவி கூடவே எண்ணிக்கொண்டு வந்தாள். முன்பு நாற்பது பாகம்.

மிஞ்சியது இருபத்திரண்டு.